ஒரு துளி அத்தரின் ஒரு நாள்

வாசனைத் திரவியங்களில் இரண்டு ஜாதி உண்டு. மல்லிகையும் ரோஜாவும் வாசற்படியிலேயே நின்று தங்கள் பெயரைச் சொல்லிவிடும். மற்றொரு ஜாதி, மரக்கட்டையும் மசாலாச் சரக்கும் கலந்தது. அதனிடம் பெயரைக் கேட்டால், "சாயங்காலம் வந்து கேள்" என்கிறது.

இந்த இரண்டாம் ஜாதிக்கு அரசன், கன்னோசியிலிருந்து வரும் ஷமாமா அத்தர். ஹர்ஷ சக்கரவர்த்தி ஆண்ட அந்த நகரத்தில் இன்றைக்கும் தாமிரப் பானையில் சரக்கை இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, அடியில் தீ மூட்டுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று மற்றொரு பாத்திரத்தில் இறங்கும். அங்கே காத்திருப்பது சந்தன எண்ணெய். கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், சடாமாஞ்சில், கோரைக்கிழங்கு, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் கல்பாசி உள்பட எல்லாவற்றின் மணத்தையும் அது ஒன்றே வாங்கித் தாங்கிக் கொள்கிறது.

பொம்மையார்பாளையத்தில், கடற்காற்றும் வியர்வையும் போட்டியிடும் ஊரில், இதைப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் செல்வது ஒரு தனி அநுபவம். காலை எட்டு மணிக்குக் கிராம்பும் ஏலமும் நெடியாகவே கிளம்பும்; பிரியாணிக் கடை வழியாக வந்தீர்களா என்று யாராவது கேட்டால் கோபிக்கக் கூடாது. உச்சி வேளையில் நெடி அடங்கி, மழை பெய்த காட்டு மண்ணைப் போன்ற ஒரு கனத்த மணம் தலைதூக்கும். மாலையில் மசாலா முழுதும் விடைபெற்றுவிட, கட்டை மட்டும் எஞ்சும். வலை உலர்த்தும் பெரியவர் ஒருவர், "என்ன வாத்தியாரே, கோயில் கருவறை கணக்கா மணக்குதே!" என்றார். அவர் மூக்குக்கு நமஸ்காரம்.

காரணம் எளியது. இலேசான அணுத்திரள்கள் உடற்சூட்டில் முதலில் பறந்துவிடும். சந்தனத்தின் சத்து கனமானது, மெல்லத்தான் கிளம்பும். பூசிக்கொண்டவரின் மூக்கோ சில நிமிஷங்களில் பழகிவிடுகிறது. மணம் போய்விட்டதென்று எண்ணி அவர் இன்னொரு துளி தடவுவார். புதுச்சேரி பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரர் ஜன்னலைத் தேடுவார். ஒரு துளிக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் வடதேசத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடுவதற்குப் பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் தேவைப்பட்டது. இன்று பத்தாம் வகுப்பு மாணவனிடம் அகில் என்றால் அது ஒரு செய்யுட் சொல்!

சந்தனத்தின் கதியும் அப்படியாகிவிடுமோ என்பதுதான் நம் கவலை. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனிக்குக் கட்டை ஏற்றுமதி நின்றது. மைசூர் சமஸ்தானம் 1916-இல் பெங்களூரில் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. அப்படிப் பெயரெடுத்த மரம் திருட்டு வெட்டினால் காடுகளில் அருகிப்போயிற்று. விலை ஏறவே, அத்தர் வடிப்பவர்களிலும் பலர் சந்தன எண்ணெய் இருந்த இடத்தில் பாரபின் எண்ணெயை வைத்துவிட்டார்கள். ரசாயன சாலையில் பிறந்த மணத்தை நாம் குறை கூறவில்லை. அதுவும் மனித புத்தியின் விளைவே. சீசாவின் மேல் சந்தனம் என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கர்நாடகத்தில் 2001-இலும் தமிழ்நாட்டில் 2002-இலும் சட்டம் திருத்தப்பட்டது. சொந்த நிலத்தில் வளரும் சந்தன மரம் இப்போது நிலத்துக்காரருக்கே உரியது. வெட்டி விற்பதற்குத்தான் வனத்துறையின் அநுமதி வேண்டும். ஆனால் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சி வாழும் இம்மரத்தைத் தனியாக நட்டால் பிழைக்காது. துணைச் செடி வேண்டும். மணக்கும் வைரம் பாய்வதற்கோ பல வருஷங்கள் ஆகும். தாத்தா நட்டால் பேரன் பூசிக்கொள்ளலாம்.

அதுவரை அத்தர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடைக்காரர் நீட்டும் துளியை மணிக்கட்டில் வாங்கிக்கொண்டு, பணம் கொடுக்காமல் வீடு திரும்புங்கள். இராச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது முகர்ந்து பாருங்கள். அப்போதும் கட்டை மணந்தால், மறுநாள் போய்ப் பணத்தைக் கொடுங்கள்.