"போன்தான் மாத்திடுச்சு" என்று இனிச் சொல்லாதீர்கள்

பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து உறவுகளே, பெற்றோரே!

கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலைக் குழு, பள்ளிவாசல் குழு, தோட்டத்துக் குழு என்று ஒவ்வொருவர் போனிலும் பத்து வாட்ஸ்அப் குழுக்கள். எதைத் திறந்தாலும் பிழை. கேட்டால் ஒரே பதில்தான்: "சேர், நாங்க சரியாத்தான் அடிச்சோம். போன்தான் மாத்திடுச்சு."

இந்தச் சாக்கை ஆசிரியர்களாகிய நாங்கள் ஏற்கமாட்டோம்.

போனுக்கு அர்த்தம் தெரியாது. எந்தச் சொல் அதிகம் எழுதப்படுகிறது, எதற்குப் பின்னால் எது வருகிறது என்ற கணக்குத்தான் தெரியும். அதை வைத்துச் சில சொற்களை மேலே காட்டுகிறது. தொடுவது நம் விரல். "வேண்டும்", "வேண்டாம்" இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். விரல் கொஞ்சம் தவறினால் அர்த்தம் தலைகீழ்.

பாடசாலை அறிவித்தலில் அது நடந்தால் பிள்ளைக்கு ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். ஆனால் நாம் இருப்பது மண்சரிவுப் பூமி. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அன்றைய அழிவுக்குப் போன் காரணமல்ல. ஆனால் இன்று மழை கொட்டும் இரவில் "மேல் லயத்தில் இருக்க வேண்டாம்" என்ற செய்தி இந்தக் குழுக்கள் வழியாகத்தான் கைமாறுகிறது. அதில் ஒரு சொல் மாறிப்போனால், "போன்தான்" என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

அடுத்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். "புரிஞ்சா போதும்தானே சேர்" என்கிறீர்கள். யாருக்குப் புரிந்தால் போதும்? தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில், பிள்ளை தோட்டத்தில் அம்மாயியிடம். நம் பகுதியில் இப்படி எத்தனை வீடுகள்! அந்த அம்மாயி எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பார். இங்கிலீஷ் எழுத்தில் வந்த பரீட்சை நேரசூசியை வைத்து அவர் என்ன செய்வார்? போதாததற்கு ஆங்கிலத் திருத்தமும் குறுக்கே பாயும். நீங்கள் "என்ன" என்று கேட்டிருப்பீர்கள், "எம்மா" என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும்.

பிள்ளைகளும் இதைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். "மலை பெய்தது" என்று கட்டுரை எழுதிவிட்டு, "போன்ல அப்படித்தானே வருது" என்கிறார்கள். மலையும் சரியான சொல், மழையும் சரியான சொல். எது பெய்யும் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"தமிழ் கீபோர்ட்டுக்கு நம்ம சொல்லே தெரியாதே" என்போரும் உண்டு. இதில் பாதி உண்மை. நமக்குப் பள்ளி என்றால் தொழும் இடம், அதற்கோ பிள்ளைகள் படிக்கும் இடம். ஜனாஸா, லாத்தா, லயம், பெரட்டு என்றால் தடுமாறுகிறது. மற்றப் பாதி? அந்தச் சொற்களை நாம் தமிழில் அடித்துப் பழக்கவே இல்லை. அடிக்காத சொல்லை அது எங்கிருந்து கற்கும்?

இந்த வசதி சும்மா வந்ததல்ல. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ்99 விசைப்பலகையை முடிவு செய்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளிவந்தது. நம் நாட்டில் ரெங்கநாதன் விசைப்பலகை 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தரநிர்ணயத்தில் இடம்பெற்றது. இத்தனை பேர் பாடுபட்டுப் போட்ட பாதையில் நடக்க நமக்குச் சோம்பல்!

வேலை பத்தே நிமிடம். ஜிபோர்ட் வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புகளுக்குப் போங்கள். மற்றவற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

1. மொழிகள் பகுதியில் தமிழைச் சேருங்கள். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக்கித் தரும் முறையும் அங்கேயே உண்டு. விரல் பழக்கம் மாறத் தேவையில்லை.

2. உரைத் திருத்தம் பகுதியில், தானாகத் திருத்துவதை நிறுத்துங்கள். சொல்லைக் காட்டட்டும், மாற்றுவது நம் கையில் இருக்கட்டும்.

3. தனிப்பட்ட அகராதியில் நம் சொற்களையும் தோட்டப் பெயர்களையும் பிள்ளைகளின் பெயர்களையும் போடுங்கள்.

4. பிழையான சொல் திரும்பத் திரும்ப மேலே வந்தால், அதை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துவிடுங்கள்.

5. அனுப்பும் முன் ஒரு தடவை வாசியுங்கள். "வேண்டும்", "வேண்டாம்" இருந்தால் இரண்டு தடவை.

குழு அட்மின்மாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: அறிவித்தல் என்றால் தமிழ் எழுத்தில்தான் என்று இன்றே சொல்லிவிடுங்கள். மரண அறிவித்தலும் மழை எச்சரிக்கையும் முதலில் அதில் வரட்டும்.

செய்யத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பாடசாலை விட்ட பிறகு போனோடு வாருங்கள், உட்கார்ந்து செய்து தருகிறோம். அதற்குப் பிறகும் "போன்தான்" என்று வந்தால், பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் கேட்போம்.

வாசித்தவர்கள் உங்கள் குழுவில் பகிருங்கள்.