அலையினுள்ளே ஒரு கண்

அரிய செயலைச் செய்பவன் காணும் காட்சியைக் கரையில் நிற்போர் காண்பதில்லை. எழுந்து வளைந்து கவியும் அலையின் உள்ளே பலகைமீது நின்று சறுக்குபவன் காண்பது நீராலாகிய ஒரு குகை; கரையிலுள்ளோர் காண்பதோ தொலைவில் அசையும் ஒரு கரும்புள்ளி. அக்குகையை நம் வீட்டுக்கே கொணர்ந்த சிறு கருவியொன்றின் கதையை இவ்வாரம் காண்போம்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோர்ஜ் கிறீனோ என்பவர், 1960களின் பிற்பகுதியில், அலையின் உட்புறத்தைத் திரைப்படமாக்க முனைந்தார். நீர்புகா உறையிலிட்ட, ஏறத்தாழ 28 இறாத்தல் நிறையுடைய கமராவைத் தம் முதுகிலே கட்டிக்கொண்டு அவர் அலையேறினார். அவர் எடுத்த படங்கள் அலைச்சறுக்கு வீரரிடையே பெரும் புகழ் பெற்றன. ஆயினும் அச்சுமையைத் தாங்கும் தோளும், அக்கருவியை வாங்கும் பொருளும் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

2002 இல் நிக் வூட்மன் என்னும் அமெரிக்க இளைஞர், தாம் நடத்திய நிறுவனம் நொடித்துப்போன பின், அவுஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்கச் சென்றார். படம்பிடிப்போர் தேர்ந்த வீரரையே நாடுவர். பொழுதுபோக்காகச் சறுக்குவோரைப் பொருட்படுத்துவாரிலர். ஆதலின் கமராவைத் தம் மணிக்கட்டிலேயே கட்டிக்கொள்ள அவர் வழி தேடினார். தாயாரின் தையல் இயந்திரத்தை இரவல் பெற்று, அதற்கான பட்டைகளைத் தாமே தைத்தார். 2004 இல் விற்பனைக்கு வந்த அவரது முதற் கருவி, படச்சுருள் இடும் எளிய கமராவே. தேர்ந்த வீரராகும் வேட்கையைக் குறித்து அதற்குக் ‘கோப்ரோ’ எனப் பெயரிட்டார். 2006 இல் வந்த டிஜிட்டல் கருவியும் பத்து வினாடி நேரமே அசையும் படம் பிடித்தது. இன்றோ 150 கிராம் அளவான கமராக்கள் மணிக்கணக்கில் படம் பிடிக்கின்றன. அவற்றிலும் மலிவானவை சீனாவின் ஷென்சென் நகரிலிருந்து வந்து குவிகின்றன.

செல்வர்க்கே உரியதாயிருந்த ஒன்று எளியோர்க்கும் கிட்டியது நன்றே. ஆயின் இக்கண் முழு உண்மையையும் கூறுவதில்லை என்பதை மாணவர்கள் உணர்தல் வேண்டும்.

இக்கமராக்களின் வில்லை மிக அகன்ற பரப்பைச் சிறு சட்டத்துள் அடக்குகின்றது. அதனால் எதிரேயுள்ளவை சிறுத்தும் விலகியும் தோன்றும். செங்குத்தான பனிச்சரிவு சாய்ந்த வீதிபோலத் தெரியும். ஆளை விழுங்கவல்ல அலையும் அடங்கியதுபோல் காட்சி தரும். களத்தில் இறங்கிப் பழகியவர் இதனை அறிவர். வீட்டிலிருந்து பார்க்கும் இளைஞன் அறியான். ‘இவ்வளவுதானா, நானும் செய்வேன்’ என அவன் எண்ணுவானாயின், அவனை ஏமாற்றியது வில்லையே. மேலும், ஒரு முறை வெல்லுமுன் அவ்வீரன் பன்முறை வீழ்ந்திருப்பான். அவ்வீழ்ச்சிகளெல்லாம் வெட்டி நீக்கப்பட்ட துண்டுகளோடு மறைந்துவிடுகின்றன.

அறுகங்குடாவிலோ வேறெங்கோ அலைச்சறுக்கப் பழகும் இளைஞர், மலிவான கமராவொன்றை வாங்கினால், முதலில் அதன் உறையைச் சோதித்தறிக. கமராவை வெளியே எடுத்துவிட்டு, வெற்றுறையினுள் ஒரு காகிதத் துண்டை இட்டு மூடி, நீர் நிரம்பிய வாளியில் அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். காகிதம் நனையாதிருந்தால் ஓரளவு நம்பலாம். உறையின் ரப்பர் விளிம்பில் ஒரு மணலோ மயிரிழையோ சிக்கினும் நீர் புகுந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் அதனைத் துடைத்தபின்பே மூடுக.

கருவியைச் சோதிக்கும் அதே பொறுமையோடு தம்மையும் சோதித்தறிதல் நலம். கமரா இல்லாத நாளில் எதைச் செய்ய அஞ்சுவீர்களோ, அதைக் கமரா உள்ள நாளிலும் செய்யாதீர்கள். அது உங்களோடு வரட்டும். உங்களை அது இழுத்துச் செல்ல இடங்கொடாதீர்கள்.