கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

ஒரு ராக் கச்சேரி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? திடலின் கடைசியில் நின்றவரிடம் கேளுங்கள். முன்வரிசைக்காரருக்கு எல்லாக் கச்சேரியும் நல்ல கச்சேரிதான். மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு எப்போதும் கடைசி வரிசையே வாய்த்தது. விலை குறைந்த டிக்கெட், ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டுப் பிடித்த வேன், மறுநாள் விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு எழ வேண்டுமே என்ற கவலை. அங்கே நின்று கேட்டவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் கேட்டதில் ஆகச் சிறந்த கச்சேரி எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில், லாரியின் மேல் பலகை அடித்த மேடையில் நடந்தது. 2000ஆம் ஆண்டு அது. அதற்கு முந்தின ஆண்டை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். 1999 மார்ச்சில் சுங்கை நிப்பா, புக்கிட் பெலண்டோக் என்ற பெயர்கள் உலகச் செய்தியாயின. பன்றிகளிடமிருந்து பரவிய நிப்பா கிருமியால் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். ராணுவம் இறங்கிப் பன்றிகளைச் சுட்டது. நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேல் அழிக்கப்பட்டன. பண்ணை வைத்திருந்த சீனக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயின. பண்ணைகளில் வேலைக்கு இருந்த நம்மவர்களும் பிள்ளைகுட்டிகளோடு உறவுக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். அந்த ஆண்டு எங்கள் கோயிலில் பூசை மட்டும்தான். கச்சேரி இல்லை, கூட்டமும் இல்லை.

மறு வருடம் சிரம்பானிலிருந்து ஒரு பேண்டு வந்தது. இளையராஜா பாட்டுகளாகவே போய்க்கொண்டிருந்தது. கிழவிகள் பாய் விரித்துத் திடலின் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். நடு இரவுக்குப் பிறகு கிட்டார்க்காரர் யாரையும் கேட்காமல் ‘புளூஸ் கேங்’ குழுவின் ‘அப்போ நாக் டிகாத்தோ’வை எடுத்தார். நெகிரி செம்பிலான் வட்டார மலாயில் அமைந்த பாட்டு அது. இங்கே பிறந்தவன் எந்த இனமாக இருந்தாலும் அதற்கு வாயசைப்பான். சாலைக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற மலாய்ப் பையன்கள் சத்தமாகச் சேர்ந்து பாடினார்கள். ஊர் திரும்பியிருந்த சீனக் கடைக்காரர் ஒருவர் தன் மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். ‘இன்னொரு தடவை வாசிங்கண்ணே!’ என்று லயத்துப் பிள்ளைகள் கத்த, கிட்டார்க்காரரும் அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பயந்து விலகியே இருந்த ஊர் அன்றைக்குத் தோளோடு தோள் நின்றது.

அந்தப் பாட்டைத் தந்த ‘புளூஸ் கேங்’ குழுவில் ஜிம் மாடசாமி என்ற தமிழரும் இருந்தார். இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பினாங்கிலிருந்து கிளம்பிய ‘ஆலிகேட்ஸ்’ குழுவின் டேவிட் ஆறுமுகத்தையும் அவர் தம்பி லோகநாதனையும் கொஞ்சம் பேர் அறிவார்கள். பெரிய சுருட்டைத் தலைமுடியோடு அண்ணனும் தம்பியும் மலாயில் பாடி இந்த நாட்டையே கட்டிப்போட்டார்கள். லோகநாதன் 2007இல் புற்றுநோயால் இறந்தபோது மலாய்க்கார வீடுகளிலும் துக்கம் இருந்தது. இந்த நாட்டு ராக், பாப் இசையில் தமிழனுக்கு ஆரம்பத்திலிருந்தே பங்கு உண்டு. அதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான் கேட்டதில் ஆக மோசமான கச்சேரி கோலாலம்பூரில். யார் நடத்தியது, யார் பாடியது என்பது இங்கே தேவையில்லை. அத்தனை ஆயிரம் பேருக்கும் ஒரே வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே போவதற்குள் பாதிப் பாட்டு முடிந்துவிட்டது. எங்கள் இடத்திலிருந்து பார்த்தால் திரையில் பாடகரின் வாய் முதலில் அசைந்தது, பாட்டு அப்புறம் வந்தது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி பிந்தித்தான் கேட்கும். அதற்காகத்தான் திடலின் நடுவிலும் ஒலிபெருக்கிக் கம்பங்களை நட்டு, மேடைச் சத்தம் வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் பார்த்து ஒலியை விடுவார்கள். அன்றைக்கு ஒரு கம்பம்கூட இல்லை. என்னோடு வந்த அக்கா இரவு வேலை செய்து சேர்த்த காசில் டிக்கெட் வாங்கியிருந்தார். ‘வீட்டுல ரேடியோவே போதும்பா’ என்று திரும்பும் வழியில் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் கச்சேரியில், டிக்கெட் வைத்திருந்த ஏராளமானோர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு கொஞ்சமில்லை. ரகுமானே பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்தார். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்தபோது, காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு, இலவசமாக வந்தவர்களை வெகு தூரத்தில் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். தடுப்பு உடைந்தது, கச்சேரி பாதியில் நின்று பிறகு தொடர்ந்தது. கூட்டத்தைத் திட்டியவர்கள் பலர். அத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தே அவ்வளவு தள்ளி நிறுத்தியதைத்தான் நான் குற்றம் சொல்வேன்.

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் ‘த ஹூ’ ராக் குழுவின் கச்சேரிக்கு வந்த 11 இளைஞர்கள் வாசலிலேயே நசுங்கி இறந்தார்கள். இருக்கை எண் கிடையாது, முந்தினவருக்கு முன்னிடம் என்ற ஏற்பாடு. திறந்திருந்த கதவுகளோ மிகக் குறைவு. உள்ளே சத்தம் கேட்டதும் கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்து வெளியே நின்றவர்கள் முண்டினார்கள். அந்த ஊர் இருக்கை எண் இல்லாத டிக்கெட்டுகளுக்குத் தடை போட்டது. அத்தனை காலத்துக்கு முன்பே உலகம் கற்ற பாடத்தை இங்கே இன்னும் ஒவ்வொருவராகப் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பது எனக்குக் கோபம் தருகிறது.

எங்களுக்குப் பக்கத்துச் சிப்பாங்கில் 2023 ஜூலை 21 அன்று நடந்தது வேறு வகை. ‘குட் வைப்ஸ்’ இசை விழாவின் முதல் இரவில் ‘த 1975’ குழுவின் பாடகர் நாட்டின் ஓரினச்சேர்க்கைத் தடைச் சட்டங்களைத் திட்டிப் பேசி, மேடையிலேயே சக கலைஞரை முத்தமிட்டார். மறுநாள் அரசு மிச்ச இரண்டு நாள் விழாவையும் ரத்து செய்தது. அவர் செய்தது சரியா, அரசு செய்தது சரியா என்று ஊரெல்லாம் வாதம். பாட நாள் குறித்துக் காத்திருந்த உள்ளூர்க் குழுக்கள், சாப்பாட்டுக் கடை போட்டவர்கள், தூரத்திலிருந்து வந்து தங்கியிருந்த பிள்ளைகள் ஆகியோரின் நட்டத்தைப் பற்றி அந்த வாதத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. மேடையில் ஒருவர் செய்ததற்குத் திடலில் நின்றவர்கள் விலை கொடுத்தார்கள்.

கச்சேரி நடத்துகிறவர்களே, வாசலை அதிகமாகத் திறந்து வையுங்கள். பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி வையுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், இரவில் வீடு திரும்ப பஸ்சுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த திருவிழாவில் வெளியூர்ப் பாடகருக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை நம் தோட்டத்துப் பிள்ளைகளின் பேண்டுக்கு ஒதுக்குங்கள்.