ஆண்டு முடிவும் ஐந்தொகையும்

ஆண்டு முடிகிற சமயத்தில் நம்மவர்களிடையே ஒரு வழக்குத் தவறாமல் நடக்கிறது. “ஜனவரி ஒன்று நம்முடைய புத்தாண்டே அல்ல, வெள்ளைக்காரன் விட்டுப் போனது” என்கிறது ஒரு கட்சி. “உலகமே கொண்டாடும்போது நமக்கு மட்டும் என்ன வந்தது?” என்கிறது மறு கட்சி. இரு கட்சியாரும் என்னை மன்னிக்க வேண்டும். இந்தத் தேதிச் சண்டையில் எனக்குச் சிரத்தை இல்லை.

தேதி மனிதன் போட்டுக்கொண்ட கோடு. அந்த வெள்ளைக்காரனே இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான ஆண்டை மார்ச் 25-ஆம் தேதிதான் தொடங்கினான். ஜப்பான் 1873-இல் தன் பழைய பஞ்சாங்கத்தை விட்டு மேல்நாட்டுக் காலண்டருக்கு மாறிற்று. எத்தியோப்பியருக்கு மாதம் பதின்மூன்று. அவர்கள் ஆண்டு செப்டம்பரில் பிறக்கிறது. இஸ்லாமிய ஆண்டோ 354 அல்லது 355 நாளில் முடிந்து, எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. எந்த நாளைச் சொந்தம் என்பது, எதை அந்நியம் என்பது?

நான் கேட்பது வேறு. ஆண்டின் முடிவில் இந்த ஜனங்களெல்லாம் என்ன செய்தார்கள்?

ஜப்பானிய நாவலாசிரியர் இஹாரா சைகாகு 1692-இல் இருபது கதைகள் கொண்ட ஒரு புத்தகம் வெளியிட்டார். எல்லாம் ஆண்டின் கடைசி நாளைப் பற்றியவை. அந்த நாளுக்கு என்ன விசேஷம் என்கிறீர்களா? கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிற நாள் அது! கடைப் பாக்கியைப் புத்தாண்டுக்குள் தீர்த்தாக வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். ஒளிகிறவர்களும் சாக்குச் சொல்கிறவர்களும் அந்தக் கதைகளில் வருகிறார்கள். ஓடி ஒளிவதற்குக்கூடக் கணக்கு நினைவிருக்க வேண்டுமல்லவா?

யூதர்களுக்குப் புத்தாண்டு பிறந்து பத்தாம் நாள் பாவமன்னிப்பு நாள். ஆனால் அயலானுக்குச் செய்த தீங்கை, அவனையே நேரில் கண்டு சமாதானம் செய்யாதவரை, அந்த நாளின் உபவாசமும் பிரார்த்தனையும் போக்காது என்பது அவர்கள் சாஸ்திரம். குஜராத்தி வியாபாரி தீபாவளியன்று பழைய கணக்கை முடித்துப் புதுப் பேரேட்டுக்குப் பூஜை போடுகிறார். மறுநாள் அவருக்குப் புத்தாண்டு. ஈரானியர் நவ்ரூஸுக்கு முன் வீட்டையே உதறிப் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள். மார்கழிக் கடைசியில் நாம் போகி கொளுத்துவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

தேதி வேறு, தெய்வம் வேறு, காரியம் ஒன்று. பழைய பாக்கியோடு புது ஆண்டுக்குள் காலெடுத்து வைக்காதே!

நாமோ டிசம்பரில் தேதியையும் சத்தத்தையும் எடுத்துக்கொண்டு, கணக்கை விட்டுவிட்டோம். கடைத்தெருவில் ‘ஆண்டிறுதித் தள்ளுபடி’ என்று தோரணம் தொங்குகிறது. தள்ளுபடி! கடனைத் தீர்க்க வேண்டிய காலத்தில் விலையைக் குறைக்கச் சொல்லி வரிசையில் நிற்கிறோம். தவணையில் வாங்கிப் புதுக் கடனோடு திரும்புகிறோம். வேலைக்காரம்மாள் சம்பளம் கேட்டால், “பண்டிகைச் செலவு, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்” என்கிறோம். நம் பண்டிகைக்கு அவள் கடன் கொடுக்க வேண்டுமாம்! எனக்கும் ஒரு பிரசுராலயத்திலிருந்து ஆண்டுதோறும் அழகான வாழ்த்து வருகிறது. ராயல்டிக் கணக்குதான் வருவதில்லை.

“வருஷமெல்லாம் உழைத்தவன் ஒரு ராத்திரி சிரித்துவிட்டுப் போகட்டுமே, அதிலும் உபதேசமா?” என்பார்கள். சிரிக்கட்டும், நானும் சிரிக்கிறேன். ஆனால் வாசலில் யாரும் நிற்கவில்லை என்று தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பே வேறு. அந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனை தேசத்தாரும் ஆண்டுக்கு ஒரு முடிவு வைத்தார்கள் என்பது என் கட்சி.

ஆகையால் வாசகர்களே, டிசம்பர் 31 ஆகட்டும், போகி ஆகட்டும், பங்குனிக் கடைசி ஆகட்டும். உங்களுக்குப் பிடித்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல் நாள் வேலைக்காரம்மாளின் சம்பளத்தை எண்ணி அவள் கையில் கொடுங்கள். தையற்காரரின் பாக்கியைத் தீருங்கள். பேச்சு நின்றுபோன தம்பி வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பிறகு வாழ்த்துச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் சொன்னாலும் பெற்றுக்கொள்கிறேன்.