சதுரமும் செவ்வகமே

மலேசியச் சாலைகளில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை ஒரு முனையை ஊன்றி நிற்கும். சிம்பாங் அம்பாட் பக்கம் காரில் போகும்போது அதைக் காட்டி ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் என்ன வடிவம் என்று கேளுங்கள். "சாய்சதுரம்" என்று சொல்லும். "சதுரத்தைத்தான் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்" என்பார் அப்பா. இருவர் சொல்வதும் சரி. இதை ஏற்கத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. பிள்ளை நினைக்கும் காரணம் வேண்டுமானால் தவறாக இருக்கலாம். பலகை சாய்ந்து நிற்பதால் அது சாய்சதுரம் ஆகவில்லை. நான்கு பக்கமும் சமமாக இருப்பதால் ஆகிறது.

நான்கு பக்கமும் சமமென்றால் சாய்சதுரம். நான்கு கோணமும் 90 பாகை என்றால் செவ்வகம். வரையறை கேட்பது அவ்வளவுதான். செவ்வகத்தின் பக்கங்கள் சமமாக இருக்கக் கூடாது என்று அது தடை போடவில்லை. இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துவது சதுரம். முதலாம் படிவத்தில் பெயர்கள் மலாய்க்கு மாறினாலும் இந்த உறவு மாறாது.

பழைய கடைகளின் மடக்குக் கம்பிக் கதவைப் பாருங்கள். சமமான பட்டைத் துண்டுகள் குறுக்கும் நெடுக்கும் பின்னிய ஒவ்வொரு கட்டமும் சாய்சதுரம். கதவை இழுக்க இழுக்கக் கோணம் மாறும். பட்டையின் நீளம் மாறாது. பக்கம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோணம் 30 பாகையாக இருக்கையில் பரப்பளவு 50 சதுர சென்டிமீட்டர். 90 பாகையில் 100. இன்னும் இழுத்தால் பரப்பளவு மறுபடி குறையத் தொடங்கும். 89 பாகையிலும் 91 பாகையிலும் சாய்சதுரமாக இருக்கும் கட்டம், இடையில் 90 பாகையைத் தொடும்போது மட்டும் சாய்சதுரம் இல்லை என்பதற்கு என்ன நியாயம்? நான்கு பக்க நீளத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பரப்பளவு கேட்பவரைக் கணித அறிஞர் பாஸ்கராச்சாரியார் 1150-இல் தம் லீலாவதி நூலில் கண்டித்ததும், பக்கம் மாறாமலே பரப்பளவு இப்படி மாறுவதால்தான்.

சதுரத்தைத் தனியே ஒதுக்கும் வழக்கம் பழையது. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் அப்படித்தான் வரையறுத்தார்: பக்கங்கள் சமமில்லாதது செவ்வகம், செங்கோணம் இல்லாதது சாய்சதுரம். இன்றைய கணிதம் அதைக் கைவிட்டதில் பெரிய லாபம் இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்கள் இணையான இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் என்று ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். செவ்வகம், சாய்சதுரம், சதுரம் மூன்றும் இணைகரங்களே என்பதால் அவற்றுக்கும் அது பொருந்திவிடும். செவ்வகத்தில் மூலைவிட்டங்கள் சமமாகவும் இருக்கும். சாய்சதுரத்தில் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும். சதுரத்துக்கு இரண்டும் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களைச் சமமாக அளந்த பிறகும் கொத்தனார் மூலைக்கு மூலை நாடா பிடிப்பார். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால்தான் அறை செவ்வகம். இல்லையென்றால் அது வெறும் இணைகரம்.

பட்ட வடிவத்துக்கும் இதே கதைதான்: அதில் அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமம். ஆகவே சாய்சதுரமும் பட்டம்தான்.

சரிவகத்தில்தான் உண்மையான கருத்து வேறுபாடு. ஒரு சோடிப் பக்கங்கள் மட்டுமே இணையாக இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். குறைந்தது ஒரு சோடி என்பார்கள் வேறு சிலர். முதல் வரையறைப்படி இணைகரம் சரிவகம் ஆகாது, இரண்டாவதன்படி ஆகும். இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. மற்ற வரையறைகளோடு ஒத்துப்போவது இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். ஆனாலும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முன், அதன் பாடநூல் எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பெற்றோர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.