மாடி வேண்டாம், குழாயடிக்கு வாங்க!



மண்ணில்லா விவசாயம் நம்ம பள்ளிக்கும் வரப்போகுது, மொட்டை மாடியில் இடம் ஒதுக்கப் போறாங்கன்னு கேட்டதும் எல்லாரையும் போல நானும் குதித்தேன். அப்புறம்தான் யோசித்தேன். மாடிக் கதவு எப்பவும் பூட்டு. சாவி ஆபீஸ் ரூமில். நாம எப்போ பார்க்கிறது, எப்போ கத்துக்கிறது?

இந்த முறையில் செடிக்கு வேண்டிய தழை, மணி, சாம்பல் சத்துகளோடு சுண்ணாம்பு, இரும்புச் சத்துகளையும் தண்ணீரிலேயே கரைத்துக் கொடுக்கிறார்கள். 1937-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக் என்பவர் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். ஆனால் வேருக்குச் சத்து மட்டும் போதாது, ஆக்ஸிஜனும் வேணும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 35 டிகிரியில் சுமார் 7 தான். சித்திரை வெயிலில் நம்ம மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியுமா? வேர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

குழாயடி பக்கத்து வராந்தா கிழக்குப் பார்த்தது. காலை வெயில் வரும், மத்தியானம் நிழல். தக்காளிக்கு அது பத்தாது, கீரைக்குப் போதும். கரண்ட் போனால் மோட்டார் நிற்குமேன்னு பயமும் வேண்டாம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி சொன்ன முறையில் மோட்டாரே இல்லை. மூடி போட்ட வாளி, மூடியில் ஓட்டை, அதில் செடி. தண்ணீர் குறையக் குறைய மேல்வேர் காற்றை எடுத்துக்கும். வாளிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். அதனால் முதலில் கறுப்பு பெயிண்ட், சூடேறாமல் இருக்க அதுமேல் வெள்ளை. பெஞ்சு இடுப்பு உயரம் இருந்தால் ஆறாம் வகுப்புத் தம்பிக்கும் எட்டும்.

இன்னொன்று. எங்க வகுப்பில் ஒரு தோழி சக்கர நாற்காலியில் வருகிறாள். பஞ்சில் அவரை முளைக்க வைத்தபோது அவளுடையதுதான் முதலில் முளைத்தது. மாடியில் தோட்டம் போட்டால் அவள் கீழேயே உட்கார்ந்து நாங்க இறங்கி வந்து சொல்ற கதையைக் கேட்கணும். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

"கீழே வைத்தால் பசங்க பிச்சுப் போட்டுடுவாங்க" என்று ஒரு சார் சொன்னார். நிஜம்தான் சார், நானே போன வருஷம் செம்பருத்தி மொட்டைப் பிய்த்தவன். ஆனால் சைக்கிள் ஸ்டாண்டு வேப்பங்கன்றை யாரும் தொடலை. தினமும் தண்ணி ஊத்தினது நாங்கதானே!

தலைமையாசிரியர் ஐயா ஒரு நாள் மத்தியானம் மாடியில் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யணும். கோபம் வேண்டாம் ஐயா. வீட்டில் இரண்டு பழைய வாளி கிடக்கு, திங்கட்கிழமை கொண்டு வர்றேன்.

- எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்