விரல் வித்தை மட்டும்தானா ஸ்கார்லாட்டி?

ஜொஹான் செபாஸ்டியன் பாக், டொமினிக்கோ ஸ்கார்லாட்டி இருவரும் 1685இல் பிறந்தவர்கள். இருவருமே விசைக் கருவிகளுக்காக ஏராளமாக எழுதினார்கள். ஆனால் ரசிகர்கள் பலரிடம் தீர்ப்பு தயாராக இருக்கிறது: பாக் என்றால் ஆழம், ஸ்கார்லாட்டி என்றால் விரல் வித்தை. ஒருவருக்கு ஸ்கார்லாட்டியைப் பிடிக்காமல் போகலாம். அதில் வழக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் அவர் எழுதிய இசைக்குப் பொருந்த வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு காரணங்களும் பொருந்தவில்லை.

முதல் காரணம்: அவருடைய சொனாட்டாக்கள் கை பழகுவதற்கான பாடங்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 1738இல் அச்சேறிய 30 சொனாட்டாக்களின் தொகுப்புக்குப் பயிற்சிகள் என்றே பெயர். பெரும்பாலும் வேகமானவை, ஒரு கை மற்றொன்றைத் தாண்டிப் பாய்ந்து கட்டைகளைத் தொடும் சாகசங்கள் நிறைந்தவை. ஆனால் ரால்ஃப் கிர்க்பாட்ரிக் 1953இல் வகுத்த வரிசைப்படி சொனாட்டாக்கள் மொத்தம் 555. அச்சான முப்பதைக் கேட்டுவிட்டு மற்றவற்றுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல. அந்த வரிசையில் 208ஆம் சொனாட்டா ஏ மேஜரில் நிதானமாகப் பாடிக்கொண்டு போகிறது. பி மைனரில் உள்ள 87இல் நான்கு குரல்கள் ஒன்றையொன்று தழுவி நகர்கின்றன. இரண்டிலும் வேகமான விரல்களுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது: எல்லாம் ஒரே அச்சு. வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான் என்பது உண்மை. இரண்டு பாதிகள், ஒவ்வொன்றும் மறுபடி வாசிக்கப்படும், இரண்டாவது பாதி முடிவில் முதல் பாதியின் முடிவுப் பகுதி மூல சுருதியில் திரும்பும். ஆனால் வெண்பாக்கள் எல்லாம் ஒரே யாப்பில் இருப்பதால் ஒன்றுபோல் ஆகிவிடுவதில்லை. டி மைனரில் உள்ள 141 ஒரே ஸ்வரத்தை வெறிபிடித்ததுபோல் தட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் தொகுப்பின் கடைசியில் வரும் 30ஆம் எண், வடிவத்திலேயே விலகி நிற்கும் ஃபியூக்; ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் வகை. இன்னொன்றும் உண்டு. கையெழுத்துப் படிகளில் பல சொனாட்டாக்கள் ஒரே சுருதியில் இரண்டிரண்டாக அடுத்தடுத்து வருகின்றன. ஸ்காட் ராஸ் 1980களில் பெரும்பாலும் ஹார்ப்சிகார்டில் 555ஐயும் பதிவு செய்தது அரும்பணி. ஆனால் இப்படி இரண்டிரண்டாகக் கேட்காமல் அதை வரிசையாக ஓடவிட்டுக் களைத்துப்போகிறவர் குறை சொல்ல வேண்டியது தாம் கேட்ட முறையை.

மூன்றாவது: அபஸ்வரங்கள் அதிகம், எழுத்தில் கவனமில்லை. இதைப் பதிப்பாசிரியர் அலெஸ்ஸாண்ட்ரோ லோங்கோவே நம்பினார்போலும். 1906இல் தொடங்கிய அவருடைய பெரும் பதிப்பில் உரசும் ஸ்வரங்களை ஆங்காங்கே திருத்திவிட்டார். அவர் உழைப்பால்தான் இந்த இசை பரவலாகக் கைக்குக் கிடைத்தது; அதே உழைப்பால்தான் அதன் காரமும் குறைந்தது. ஸ்கார்லாட்டி தம் கையால் எழுதிய சொனாட்டாப் படி எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. எனவே படியெடுத்தவர் பிழை என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். 119, 175 ஆகியவற்றில் அடுத்தடுத்த கட்டைகளைக் கொத்தாக அழுத்தும் உரசல், அடுக்கடுக்காக வளர்ந்து, உச்சத்துக்கு வந்து, பிறகு தீர்கிறது. திட்டமில்லாமல் இப்படி வராது. ஹார்ப்சிகார்டில் அழுத்திக் கட்டையைத் தொட்டாலும் ஒலி கூடுவது மிகக் குறைவு. ஒரே நேரத்தில் அதிக ஸ்வரங்களை மோதவிடுவது அங்கே ஓங்கி ஒலிக்க ஒரு வழி.

நான்காவது காரணத்தைச் சொல்பவர்கள் ஸ்கார்லாட்டியின் ரசிகர்களே: ஹார்ப்சிகார்டில் கேட்டால்தான் ஸ்கார்லாட்டி, விளாடிமிர் ஹோரோவிட்ஸ் பியானோவில் வாசித்தது வேறு யாரோ. அப்படியானால் ஸ்கார்லாட்டியின் மாணவியின் வீட்டைப் பார்க்கலாம். போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பரா 1729இல் ஸ்பெயினுக்கு மணமாகிப் போனபோது ஆசிரியரும் உடன் போனார். 1757இல் மாட்ரிட்டில் இறக்கும்வரை அவர் பணியிலேயே இருந்தார். 1758இல், அதற்குள் அரசியாகிவிட்ட மரியா பார்பரா இறந்தபோது விட்டுச்சென்ற விசைக் கருவிகள் 12. அவற்றில் ஐந்து ஃபிளாரன்ஸில் பியானோவாகச் செய்யப்பட்டவை. ஆகவே பியானோ அந்த அரண்மனைக்கு அந்நியமல்ல. உடனே பியானோ அணியினர் மகிழவும் வேண்டாம். ஐந்தில் இரண்டு பிறகு ஹார்ப்சிகார்டாக மாற்றப்பட்டன; பிற்கால சொனாட்டாக்கள் சிலவற்றுக்குத் தேவையான ஐந்து ஸ்தாயி வீச்சும் அந்தப் பியானோக்களில் இல்லை. எது பொருந்தும் என்பதைச் சொனாட்டாவுக்குச் சொனாட்டா காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குறை மிஞ்சுகிறது. அதை நான் மறுக்கவில்லை. பாக் ஒரு சிறு கருவை எடுத்தால் அதன் சாத்தியங்களைத் தீர்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஸ்கார்லாட்டி நல்ல யோசனை ஒன்றை நான்கு முறை சொல்லிவிட்டு, திடீரென நிறுத்தி, சம்பந்தமில்லாத வேறொன்றுக்குத் தாவுவார். நீண்ட வாதத்தை எதிர்பார்க்கும் காதுக்கு இது எரிச்சல்தான். அந்த எரிச்சலைச் சொல்லி ஒருவர் ஒதுக்கினால், அவர் ஸ்கார்லாட்டியைக் கேட்டிருக்கிறார் என்று பொருள். மற்ற நான்கையும் சொல்கிறவர் கேட்டது பெரும்பாலும் பிறர் பேச்சைத்தான்.